மேசையை எடுத்துவிட்டார்கள்... ஆட்டக்காரர்கள் எங்கே போகிறார்கள்?

ஆன்லைன் போக்கருக்குப் பூட்டுப் போட்ட சட்டமும், பூட்டைச் சுற்றி நடப்பவையும்

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், ஆப்சல்யூட் போக்கர் தளங்களைத் திறந்தவர்களுக்குச் சீட்டுக்கட்டு தெரியவில்லை. எஃப்.பி.ஐ முத்திரையோடு ஓர் அறிவிப்புதான் தெரிந்தது. அந்த நாளை போக்கர் உலகம் இன்றும் 'கறுப்பு வெள்ளி' என்றே சொல்கிறது.

2025 ஆகஸ்ட் 22. அதுவும் வெள்ளிக்கிழமைதான். பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்யும் சட்டத்துக்கு அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். 20-ம் தேதி மக்களவை, 21-ம் தேதி மாநிலங்களவை, 22-ம் தேதி கையெழுத்து. மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. போக்கர்பாஸி, எம்.பி.எல், ஸூப்பி என்று வரிசையாக எல்லாரும் பண ஆட்டங்களை நிறுத்தினார்கள்.

இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு நாடுகளிலுமே நடவடிக்கை பாய்ந்தது ஆட்டத்தை நடத்தியவர்கள் மீதும், பணத்தைக் கடத்திக்கொடுத்தவர்கள் மீதும்தான். நம் நாட்டுச் சட்டப்படி ஆட்டம் நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டாண்டு, 50 லட்சம். ஆடியவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகத்தான் பார்க்கிறோம் என்றது மத்திய அரசு.

அந்தப் 'பாதிக்கப்பட்டவர்' இப்போது என்ன செய்கிறார்? அமெரிக்காவில் இதற்கான பதில் பல ஆண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. நம்மிடமும் லாட்டரித் தடையின் அனுபவம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. பொழுதுபோக்குக்காக ஆடியவர் விலகிவிடுகிறார். பிழைப்புக்காக ஆடியவர் ஊர் மாறுகிறார். விட முடியாமல் ஆடியவர் இருட்டுக்குள் போகிறார். யாரை மனதில் வைத்துச் சட்டம் எழுதப்பட்டதோ, அவரிடம்தான் அது கடைசியாக வந்து சேர்கிறது.

முதல் கேள்வி: என் பணம் வருமா?

தடை வந்த அன்று எந்த ஆட்டக்காரரும் அரசியல் சாசனத்தைப் புரட்டுவதில்லை. வாலட்டில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

கறுப்பு வெள்ளிக்குப் பிறகு போக்கர்ஸ்டார்ஸ் அரசுடன் உடன்பாடு செய்துகொண்டு, சில வாரங்களிலேயே அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பித் தரத் தொடங்கியது. ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருந்ததால் அது முடிந்தது. ஃபுல் டில்ட்டின் கதை வேறு. உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களுக்கு அது தர வேண்டியிருந்தது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர். அதேசமயம் உரிமையாளர்களும் இயக்குநர்களும் 44 கோடி டாலருக்கு மேல் பிரித்து எடுத்திருந்தார்கள் என்று நியூயார்க் அரசு வழக்கறிஞர் பிரீத் பராரா குற்றம்சாட்டினார். 'உலகளாவிய பான்ஸி மோசடி' என்றே அதைச் சொன்னார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது பழகிய கதை. ஈமு கோழி தொடங்கி எத்தனை நிதி நிறுவனங்களின் வாசலில் நாம் நின்றிருக்கிறோம்!

2012-ல் போக்கர்ஸ்டார்ஸ் 73.1 கோடி டாலருக்கு அரசுடன் சமரசம் செய்துகொண்டு, ஃபுல் டில்ட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. அப்படியும் அமெரிக்க ஆட்டக்காரர்களின் கைக்கு முதல் தவணை வந்தபோது 2014 பிப்ரவரி ஆகியிருந்தது. ஆப்சல்யூட் போக்கரில் பணம் வைத்திருந்தவர்கள் 2017 வரை காத்திருந்தார்கள்.

இந்தியாவில் இந்த விஷயத்தில் நிலைமை மேல். தடைக்குள் வந்த பெரிய தளங்கள் இங்கேயே பதிவான நிறுவனங்கள். வங்கிக் கணக்கு இங்கே, வரி எண் இங்கே. புதிதாகப் பணம் போடுவதை நிறுத்திவிட்டு, இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று அவை அறிவித்தன. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்த நிறுவனம் மூடினால் பணம் திரும்பி வரும். கட்டுப்படாத நிறுவனம் மூடினால் பணமும் சேர்ந்து போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது புரியும்.

தமிழ்நாட்டில் ஐந்து சுற்று

மத்திய அரசு விழித்துக்கொள்வதற்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாடு இந்த ஆட்டத்தில் இறங்கிவிட்டது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த 2020 நவம்பரில் அ.தி.மு.க அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது சட்டமாக மாறியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தி.மு.க அரசு நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம் போட்டது. சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஆர்.என்.ரவி அதைத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரல் 10-ல் ஒப்புதல் வந்தது.

அதோடும் முடியவில்லை. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாக எழுதப்பட்டிருந்தன. அந்தப் பகுதி மட்டும் செல்லாது என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரம், வயது போன்ற கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றது. அதன்படி 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். 18 வயதுக்குக் கீழே ஆடக் கூடாது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. தூக்கம் கெட்ட நேரத்தில்தான் மனிதன் விட்டதைப் பிடிக்கத் துடிப்பான் என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய விதி அது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டரை மாதத்தில் மத்திய சட்டம் வந்து மேசையையே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இத்தனை ஆண்டுகளும் வழக்குகள் ஒரே அச்சில்தான் சுழன்றன: திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரைப் பந்தயத்தை 1996-ல் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் திறமைப் பட்டியலில் சேர்த்தது. போக்கர் விஷயத்தில் உயர் நீதிமன்றங்கள் பிரிந்து நின்றன. 2017-ல் குஜராத் அதைச் சூதாட்டம் என்றது. மேற்கு வங்கத்தின் 1957-ம் ஆண்டுச் சட்டமோ பிரிட்ஜ், ரம்மியோடு போக்கரையும் சூதாட்டப் பட்டியலில் இருந்து விலக்கியே வைத்திருக்கிறது. 2025 சட்டம் இந்த வாதத்தின் வேரையே வெட்டியது. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ... பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடினால் தடை.

குளம் வற்றும்போது

போக்கரில் நீங்கள் நிறுவனத்துக்கு எதிராக ஆடுவதில்லை, சக ஆட்டக்காரருக்கு எதிராக ஆடுகிறீர்கள். மேசையில் சேரும் பந்தயத் தொகையில் ஒரு சின்னப் பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அதற்கு 'ரேக்' என்று பெயர். சமமான திறமை உள்ள இருவர் ஆயிரம் ரூபாய்ப் பந்தயத்தில் மாறி மாறி ஜெயிக்கிறார்கள், ரேக் 5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் வெளியே போகிறது. 20 ஆட்டம் முடிவதற்குள் ஆயிரம் ரூபாய் மேசையை விட்டே போயிருக்கும். இருவரில் ஒருவரும் முன்னேறியிருக்க மாட்டார்.

அப்படியானால் தொழில்முறை ஆட்டக்காரருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? சனிக்கிழமை இரவு இரண்டாயிரம் ரூபாயோடு ஜாலியாக உள்ளே வந்து, இழந்துவிட்டுத் தூங்கப் போகிறாரே, அவரிடமிருந்து. ஆட்டக்காரர்களின் பேச்சில் அவர் 'ஃபிஷ்', மீன். தினமும் ஆடிப் பிழைப்பவர் 'ரெக்'. மீன் இல்லாவிட்டால் ரெக்குகள் ஒருவரையொருவர் தின்ன வேண்டியதுதான்.

தடைக்கு முதலில் பணிந்துபோவது மீன்தான். அவருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. ஆப் வேலை செய்யாவிட்டால் யூடியூப் பார்ப்பார். புது ஆப் தேடி, விபிஎன் போட்டு, முகம் தெரியாத ஒருவருக்கு ஜிபே அனுப்பி ஆட வேண்டும் என்றால் 'போங்கப்பா' என்று விட்டுவிடுவார்.

அமெரிக்காவில் இதை எண்ணிக்கையாகவே பார்க்கலாம். 2003-ல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிச் சுற்றில் ஜெயித்து, லாஸ் வேகஸ் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். 'நம்மைப் போல ஒரு ஆள் ஜெயித்துவிட்டான்' என்ற ஆசையில் 2006-ல் 8,773 பேர் குவிந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 13-ல் அதிபர் ஜார்ஜ் புஷ், துறைமுகப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஒட்டுப்போட்ட ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தை அது தடுத்தது. ஆடுவதைக் குற்றமாக்கவே இல்லை. ஆனாலும் 2007-ல் முதன்மைப் போட்டிக்கு வந்தவர்கள் 6,358 பேர்தான்.

இந்தியாவில் வரியே பாதி வேலையைத் தடைக்கு முன்பே செய்திருந்தது. 2023 அக்டோபர் முதல், போடும் பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவிகித ஜி.எஸ்.டி. 10,000 ரூபாய் போட்டால் 2,187 ரூபாய் வரிக்குப் போய்விடும். பல நிறுவனங்கள் அதை போனஸ் கொடுத்து ஈடுகட்டின. ஜெயித்த தொகையில் 30 சதவிகிதப் பிடித்தம் தனி.

நம் ஊர் சாட்சியும் உண்டு. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. தெருமுனைக்குத் தெருமுனை இருந்த சீட்டுக் கடைகள் காணாமல் போயின. தினக்கூலியில் பாதியைச் சுரண்டிப் பார்த்தே தொலைத்த பழக்கம் லட்சக்கணக்கான குடும்பங்களை விட்டு விலகியது. தடையால் எதுவும் நடக்காது என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கண்ணில் படுவதும், காலடியில் கிடைப்பதும் நின்றாலே பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

பெட்டி கட்டுபவர்கள்

ரெக்குகளால் அப்படி விட்டுவிட முடியாது. கறுப்பு வெள்ளிக்குப் பிறகு அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் கனடாவின் வான்கூவருக்கும், மெக்சிகோவின் ரோசரிட்டோ, பிளாயா டெல் கார்மென் போன்ற கடற்கரை ஊர்களுக்கும், கோஸ்டா ரிகாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். வீட்டு வாடகைப் பத்திரம், மின் கட்டண ரசீது, உள்ளூர் வங்கிக் கணக்கு என்று வசிப்பிடச் சான்று காட்டினால்தான் தளம் கணக்கைத் திறந்துவிடும். இந்த வேலைகளை முடித்துக்கொடுப்பதற்கென்றே ஒரு நிறுவனம் முளைத்தது. அதன் பெயரே 'போக்கர் ரெஃப்யூஜிஸ்', போக்கர் அகதிகள்!

இந்திய ரெக்குக்குப் பக்கத்திலேயே வாசல்கள் இருக்கின்றன. மத்திய சட்டம் ஆன்லைன் ஆட்டத்தைத்தான் தடுக்கிறது. கோவாவின் மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கேசினோக் கப்பல்களில் நேருக்கு நேர் போக்கர் ஆடலாம். காத்மாண்டுவில் கேசினோக்கள் உண்டு. சென்னையிலிருந்து கொழும்பு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். அங்கே பழைய கேசினோக்களோடு, 2025 ஆகஸ்டில், நம் நாட்டில் தடை வந்த அதே மாதத்தில், 'சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற பிரமாண்ட கேசினோவும் திறக்கப்பட்டது. உலக மேசைகளில் இந்தியர்கள் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறார்கள். 2024 உலக போக்கர் தொடரில் இரண்டரை லட்சம் டாலர் நுழைவுக் கட்டணப் போட்டியில் சந்தோஷ் சுவர்ணா சுமார் 54 லட்சம் டாலர் வென்றார்.

ஆனால், இணையத்தில் பிழைத்தவர் அப்படியே கப்பலேறிப் பிழைத்துவிட முடியாது. நேருக்கு நேர் மேசையில் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கை சீட்டுதான் போடுவார்கள். ஆன்லைனில் ஒரே மேசையில் 60, 70 கை ஓடும். பழகியவர் ஒரே சமயத்தில் 10 மேசை ஆடுவார். மணிக்கு 600, 700 கை! ஒவ்வொரு கையிலும் மிகச் சிறிய லாபம் பார்த்து, எண்ணிக்கையால் சம்பாதித்தவர் அவர். கோவாவில் அறை வாடகை, விமானக் கட்டணம், சாப்பாடு எல்லாம் போக, மணிக்கு 30 கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மிகச் சிலரால்தான் நிற்க முடியும்.

இதே கணக்கை இழப்பவர் பக்கமிருந்து பாருங்கள். மணிக்கு 30 கை என்றால் இழப்பதற்கும் நேரம் பிடிக்கும். நடுவில் எழுந்து போகத் தோன்றும். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். படுக்கையில் படுத்தபடி, மனைவிக்குத் தெரியாமல், சம்பளம் வந்த இரவே அத்தனையையும் இழப்பது போனில் மட்டுமே முடிந்தது. சட்டம் சூதாட்டத்தை ஒழித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அதன் வேகத்தைக் குறைத்திருக்கிறது. அதுவே பெரிய லாபம்தான்.

கிளப் ஆப்பும் ஏஜென்ட்டும்

கவலைப்பட வேண்டியது மூன்றாவது வழியைப் பற்றித்தான்.

2006 சட்டம் வந்ததும் அமெரிக்கச் சந்தையை விட்டு முதலில் வெளியேறியவற்றில் ஒன்று, லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த பார்ட்டி கேமிங். அதன் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் கிளம்பியது. அப்படிப் பொறுப்பு இல்லாதவை அந்த இடத்தைப் பிடித்தன. வங்கிகளை ஏமாற்ற, நகையும் துணியும் விற்பது போலப் போலி இணையக் கடைகள் உருவாக்கிப் பணத்தைக் கடத்தினார்கள் என்பது 2011 வழக்கின் முக்கியமான குற்றச்சாட்டு. ஆடுபவர் போட்ட பணம் 'நெக்லஸ் வாங்கிய' கணக்கில் ஏறியது!

இன்றைய வடிவம் இன்னும் எளிது. போக்கர் ஆடுவதற்கான கிளப் ஆப்கள் உலகமெங்கும் இருக்கின்றன. ஆப்புக்குள் இருப்பது வெறும் விளையாட்டுச் சிப்புகள், பணமே கிடையாது. அதனால் பார்ப்பதற்கு அப்பாவி. உள்ளே ஒருவர் கிளப் தொடங்குவார். அவருக்குக் கீழே ஏஜென்ட்டுகள். நீங்கள் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஏஜென்ட்டைப் பிடித்து, யுபிஐ-யிலோ ரொக்கமாகவோ யூஎஸ்டிடி எனும் கிரிப்டோவாகவோ பணம் கொடுத்தால் சிப் ஏறும். வாரக் கடைசியில் கணக்கு முடிப்பார்கள். சீனா 2018-ல் போக்கர் ஆப்களைத் தடை செய்த பிறகும், ஆசியா முழுக்க இந்த ஏஜென்ட் முறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதில் ஆபத்து எங்கே? சட்டப்படி நடந்த தளத்தில் பணம் போட்டால்தான் ஆட முடியும். ஏஜென்ட் கடனுக்கே ஆடவிடுவார். 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம் பாஸ்' என்பார். கையில் இருப்பது தீர்ந்தால் ஆட்டம் நிற்கும் என்ற கடைசி வேலியும் அங்கே இல்லை. பிறகு வசூல் எப்படி நடக்கும் என்பதைக் கந்துவட்டிக்குப் பழகிய நம் ஊருக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்தது ஏமாற்று. 2007-ல் ஆப்சல்யூட் போக்கரிலும், தொடர்ந்து அல்டிமேட்பெட் தளத்திலும், எதிராளியின் மறைந்த சீட்டுகளைப் பார்க்கும் வசதி கொண்ட கணக்குகள் சிக்கின. கண்டுபிடித்தது போலீஸ் கிடையாது. பணத்தை இழந்த ஆட்டக்காரர்களே ஆயிரக்கணக்கான கைகளின் பதிவை எடுத்து அலசி, 'இப்படி ஒருவர் ஜெயிக்கவே முடியாது' என்று நிரூபித்தார்கள். அல்டிமேட்பெட் மோசடியில் முக்கியப் பொறுப்பாளி என்று கனடாவின் கானவாகே ஒழுங்குமுறை ஆணையம் கைகாட்டியவர், 1994-ல் உலகப் பட்டம் வென்றவர்! ஆட்டக்காரர்களுக்கு 2 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரப்பட்டது. கேட்பதற்கு ஓர் ஆணையம் இருந்ததால் அது நடந்தது. டெலிகிராம் ஏஜென்ட்டிடம் யார் போய்க் கேட்பது?

விபிஎன் போட்டு வெளிநாட்டுத் தளத்தில் ஆடுபவருக்கும் இதே நிலைதான். தடை உள்ள நாட்டிலிருந்து ஆடியது தெரிந்தால் கணக்கை முடக்கி, இருப்பைப் பறிமுதல் செய்யலாம் என்று பெரிய தளங்களின் விதியிலேயே எழுதியிருக்கும். தோற்றால் பணம் போகும், ஜெயித்தாலும் போகலாம்.

ஜெயித்த பணம் வந்து சேர்ந்தாலும் தலைவலி உண்டு. இப்படிப்பட்ட பணம் வருவது பெரும்பாலும் 'மியூல் அக்கவுன்ட்' எனும் வாடகைக் கணக்குகள் வழியாகத்தான். அந்தக் கணக்கு ஏதோ ஒரு மாநிலத்தில் ஏதோ ஒரு சைபர் மோசடியில் சிக்கினால், அதிலிருந்து பணம் பெற்ற கணக்குகளையும் போலீஸ் முடக்கும். ஐயாயிரம் ரூபாய் ஜெயித்ததற்குச் சம்பளக் கணக்கே உறைந்துபோய், பார்த்திராத ஊரின் காவல் நிலையத்துக்கு மெயில் மேல் மெயில் அனுப்ப வேண்டிவரும்.

நீதிமன்ற வாசலில்

எல்லோரும் ஓடுவதுமில்லை, ஒளிவதுமில்லை. சிலர் எதிர்த்து நிற்கிறார்கள். அமெரிக்காவில் 'போக்கர் பிளேயர்ஸ் அலையன்ஸ்' என்ற சங்கம் 10 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நாடாளுமன்றத்தில் ஆதரவு திரட்டியது. 2012-ல் நியூயார்க் நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன், போக்கரில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பளித்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. கடைசியில் கதவைத் திறந்தவை மாநில அரசுகள். 2013-ல் நெவாடா, டெலவேர், நியூ ஜெர்சி ஆகியவை உரிமம் கொடுத்து, வரி வாங்கி, மாநில எல்லைக்குள் அனுமதித்தன. பிறகு பென்சில்வேனியா, மிச்சிகன் சேர்ந்துகொண்டன.

ஆஸ்திரேலியாவில் 2017 செப்டம்பரில் தடை வந்தபோதும் ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். செனட் விசாரணை வரை கொண்டுபோனார்கள். சட்டம் அசையவில்லை.

இந்தியாவில் முதலில் நீதிமன்றம் போனது நிறுவனங்கள்தான். ஏ23 ரம்மி, போக்கர் தளங்களை நடத்தும் ஹெட் டிஜிட்டல் வொர்க்ஸ் கர்நாடக உயர் நீதிமன்றத்தை நாடியது. டெல்லியிலும் மத்தியப் பிரதேசத்திலும் வழக்குகள் வந்தன. 2025 செப்டம்பரில் எல்லாவற்றையும் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. தொழில் செய்யும் உரிமை, மாநிலங்களின் அதிகாரம், திறமை விளையாட்டு என்று வாதங்கள் நீள்கின்றன. அதில் ஆடியவரின் குரல் மெலிதாகத்தான் கேட்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 'நான் பணம் வைத்துச் சீட்டாடினேன்' என்று நம் ஊரில் யார் கையெழுத்துப் போட்டு மனு கொடுப்பார்?

யாருக்காக இந்தச் சட்டம்?

ஆன்லைன் பண விளையாட்டுகளில் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. இவர்களில் பெரும்பாலானவர்கள் தடையோடு விட்டுவிடுவார்கள். விட முடியாத ஒரு சிறு பகுதியினரால்தான் குடும்பங்கள் அழிந்தன; அவர்களைக் காட்டித்தான் சட்டமே வந்தது.

அவர்களுக்குச் சூதாட்டம் ஒரு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்ட அடிமைத்தனத்துக்குத் தனி இடம் உண்டு. தளத்தை மூடினால் நோய் போய்விடாது. வேறு வாசல் தேடும். லாட்டரித் தடைக்குப் பிறகும் 'மூணு நம்பர் லாட்டரி' நம் ஊர் டீக்கடைகளின் பின்புறம் வெள்ளைத் தாளில் உயிரோடு இருந்தது. 2019-ல் விழுப்புரத்தில் அதனால் ஒரு குடும்பமே அழிந்த பிறகுதான் மாநிலம் திரும்பிப் பார்த்தது. போக்கரும் ரம்மியும் ஆடியவருக்கு வாசல்கள் இன்னும் அதிகம்: வெளிநாட்டு பெட்டிங் தளம், கிளப் ஆப், கிரிப்டோ. முழுக்க முழுக்கச் சட்டப்படியான வாசலும் ஒன்று உண்டு. பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வர்த்தகம்! 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய் என்று செபியே சொன்னது. விட்டதைப் பிடிக்கத் துடிக்கும் மனம் எந்தத் திரையில் துடித்தால் என்ன?

ஆகவே தடை என்பது பாதி வேலை. மீதிப் பாதிக்கு மூன்று காரியங்கள் வேண்டும்.

முதலாவது, சிகிச்சை. பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்று 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது. குடிநோய்க்கு இருப்பது போல, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் சூதாட்ட நோய்க்கு ஒரு நாள், ஓர் ஆலோசகர் என்றாவது தொடங்கலாம்.

இரண்டாவது, கடன். ஆட்டம் நின்ற பிறகும் கடன் ஆப், நகைக் கடன், தனியார் வட்டி எல்லாம் அப்படியேதான் நிற்கின்றன. பல உயிர்கள் போனது அந்தக் கடன் நெருக்கடியில்தான். கடன்காரருக்கும் கடன் வாங்கியவருக்கும் நடுவே அமர்ந்து பேச மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, பயம் போக்குவது. மத்திய சட்டம் ஆடியவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டமோ ஆன்லைனில் சூதாடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. இரண்டையும் கேள்விப்பட்ட சாதாரண மனிதர் என்ன செய்வார்? ஏஜென்ட் மிரட்டினாலும், பணத்தைச் சுருட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். அந்த மௌனத்தை நம்பித்தான் ஏஜென்ட் தொழிலே நடக்கிறது. எந்தக் கணக்குக்குப் பணம் போனது, எந்த எண்ணிலிருந்து மெசேஜ் வந்தது, யார் வசூலுக்கு வந்தார் என்பதெல்லாம் தெரிந்த ஒரே சாட்சி ஆடியவர்தான். அவர் பேசாமல் ஒரு கிளப்பையும் போலீஸால் பிடிக்க முடியாது.

'ஆடியதற்காக உங்கள் மீது வழக்கு வராது. ஏமாற்றியவரைக் காட்டுங்கள்' என்று மாநில அரசு எழுத்தில் அறிவிக்கட்டும். அதை ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் சுற்றறிக்கையாக அனுப்பட்டும். நிறுவனங்களின் கதவைப் பூட்ட மூன்று நாள் போதுமானதாக இருந்தது. ஏமாந்தவருக்கு ஒரு கதவைத் திறக்க அதைவிட அதிக நாள் எதற்கு?

ஆடியவர்கள் கவனத்துக்கு...

* பழைய தளங்களில் மிச்சப் பணம் இருந்தால், ஆப்பை அழிப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். வங்கி விவரமும் கே.ஒய்.சி-யும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

* பணம் போட்டது, எடுத்தது, வரி பிடித்தது எல்லாவற்றின் பதிவையும் இறக்கி வையுங்கள். வருமான வரிக் கணக்குக்குத் தேவைப்படும். வெளிநாட்டில் ஜெயித்த பணத்துக்கும் இங்கே வரி உண்டு.

* 'உங்கள் பழைய வாலட் பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று வரும் அழைப்பை நம்பாதீர்கள். ஓடிபி கேட்டால் அது மோசடிதான்.

* உங்கள் வங்கிக் கணக்கையோ, சிம் கார்டையோ யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காதீர்கள். ஆடியவருக்குத் தண்டனை இல்லாமல் போகலாம்; பணத்தைக் கடத்தியவருக்கு உண்டு.

* பணம் ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

* விட முடியவில்லை, கடன் நெருக்குகிறது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் டெலி மானஸ் 14416 அல்லது தமிழக அரசின் 104 எண்ணில் பேசுங்கள். கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம்.